செம்மண்ணில் கம்பு விதைப்பு: மேல்மண் இறுக்கமும் விதைப் படுக்கையும்

நெய்வேலி, முத்தாண்டிக்குப்பம், பண்ருட்டி வட்டாரங்களில் சித்திரைப் பட்டத்தில் கம்பு விதைக்கும் உழவர்களிடம் அடிக்கடி கேட்கும் குறை ஒன்று உண்டு. "விதை பழுது, பாதிகூட முளைக்கவில்லை" என்பதே அது. விதை விற்றவர் மீது வருத்தப்படுவதற்கு முன், முளைக்காத இடத்தில் சாலை ஒரு குச்சியால் மெல்லக் கிளறிப் பாருங்கள். பல வயல்களில் விதை முளைத்துத்தான் இருக்கும். வெளுத்த முளை மேலே வர வழி தெரியாமல், ஓடு போல் இறுகிய மண்ணுக்கு அடியில் மடங்கிச் சுருண்டு கிடக்கும். விதையில் பழுதில்லை. விதைத்த அன்று மாலையோ மறுநாளோ பெய்த கோடை மழையும், அதன் பின் அடித்த வெயிலும் சேர்ந்து மண்ணின் வாயை மூடிவிட்டன.

இதைத்தான் மேல்மண் இறுக்கம் என்கிறோம். உழவர் வழக்கில் மண் பொருக்குத் தட்டுதல். கம்பு போன்ற சிறு விதைப் பயிர்களுக்கு இதைவிடப் பெரிய தொல்லை இப்பகுதிச் செம்மண்ணில் இல்லை. சுரங்க விரிவுக்குக் கொடுத்தது போக எஞ்சிய ஓர் ஏக்கரிலும் ஒன்றரை ஏக்கரிலும் பயிர் செய்கிற குடும்பத்திற்கு, ஒரு பட்டம் பாதிப் பயிரோடு போவது சிறிய இழப்பன்று. இரண்டு கிலோ விதைக்கான பணத்தை மீண்டும் தேடிவிடலாம். போன ஈரத்தையும் போன பதினைந்து நாட்களையும் தேட முடியாது.

பொருக்கு ஏன் தட்டுகிறது?

நெய்வேலிச் சுரங்கத்தில் 1957-ஆம் ஆண்டு மண் வெட்டும் பணி தொடங்கியது. அந்த வெட்டு முகத்தைப் பார்த்தவர்களுக்கு இவ்வட்டார நிலத்தின் அமைப்பு விளங்கியிருக்கும். மேலே மெல்லிய செம்மண் அடுக்கு. அதன் கீழ் கடலூர் மணற்பாறை எனப்படும் மணலும் களியும் கலந்த அடுக்குகள். பல மீட்டர் ஆழத்திற்குப் பின்பே கரிய பழுப்பு நிலக்கரி. நமக்குச் சோறு போடுவது மேலே உள்ள அந்த மெல்லிய அடுக்குதான். அதிலும் மக்கு மிகக் குறைவு. செந்நிறத்திற்குக் காரணமான இரும்பு ஆக்சைடும், அதனுடன் அலுமினிய ஆக்சைடும் மிகுதி.

நன்கு உழுத மண்ணில் சிறு துகள்கள் ஒன்று சேர்ந்து குறுணை குறுணையாக இருக்கின்றன. அவற்றுக்கு இடையே உள்ள துளைகளின் வழியே நீரும் காற்றும் செல்லும். மழைத்துளி வேகமாக விழும்போது குறுணைகள் உடைந்து நுண்பொடியாகின்றன. மக்குள்ள மண்ணில் குறுணைகள் எளிதில் உடைவதில்லை. மக்கற்ற செம்மண்ணில் ஒரே மழையில் கரைந்துவிடுகின்றன. கரைந்த நுண்பொடி துளைகளை அடைத்துக்கொள்ள, இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் அதைப் பிணைக்கின்றன. ஈரம் இருக்கும் வரை இது குழைவாகவே இருக்கும். காய்ந்தவுடன் இறுகி ஓடாகிறது. ஓட்டின் தடிப்பு சில மில்லிமீட்டர்தான் என்றாலும் கம்பு முளையால் அதை முட்டிக்கொண்டு வர இயலாது.

ஆயிரம் கம்பு மணிகளின் எடை ஏறத்தாழ பத்துக் கிராம்தான். அவ்வளவு சிறிய மணிக்குள் உள்ள உணவைக் கொண்டு முளை மேலே வர வேண்டும். நிலக்கடலையின், அதாவது நம் மல்லாட்டையின் பருப்பு அப்படியல்ல. அது ஓட்டையே பெயர்த்துக்கொண்டு மேலே வந்துவிடும். இவ்வட்டாரத்தில் மல்லாட்டை நன்கு நிலைத்ததற்கும் கம்பும் கேழ்வரகும் தடுமாறுவதற்கும் இந்த வேறுபாடு ஒரு காரணம் எனலாம்.

பொருக்கினால் முளைப்பு மட்டும் கெடுவதில்லை. அடுத்து வரும் மழைநீர் உள்ளே இறங்காமல் மேலோடு ஓடிவிடுகிறது. வேருக்குக் காற்றோட்டம் குறைகிறது. பயறுகளில் வேர் முடிச்சுகள் தோன்றுவதும் தடைப்படுகிறது.

உங்கள் மண் எப்படிப்பட்டது? வீட்டிலேயே பாருங்கள்

வயலில் இருந்து உலர்ந்த மண் கட்டி ஒன்றை, நெல்லிக்காய் அளவில் எடுத்து, ஒரு கண்ணாடித் தம்ளர் நீரில் மெல்ல இடுங்கள். ஓரிரு நிமிடத்தில் கட்டி சரிந்து சேறாகக் கரைந்துவிட்டால் அது பொருக்குத் தட்டும் மண். வெகு நேரம் உருக்குலையாமல் இருந்தால் அவ்வளவு அச்சமில்லை. வரப்போரத்துப் புல்தரையில் இருந்தும் ஒரு கட்டி எடுத்து அதே போல் இட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அது கரைய நேரமாகும். அந்த வேறுபாடு மக்கினால் வந்தது.

இன்னொரு சோதனையும் செய்து பார்க்கத் தக்கது. அடியில் துளையிட்ட இரண்டு தகர டப்பாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் சல்லடையில் சலித்த மண்ணையும், மற்றதில் சலிக்காமல் சிறு கட்டிகளோடு கூடிய அதே மண்ணையும் நிரப்புங்கள். இரண்டிலும் இருபது இருபது கம்பு விதைகளை ஒரே ஆழத்தில் ஊன்றி, பூவாளியால் நல்ல உயரத்தில் இருந்து நீர் ஊற்றி, வெயிலில் வைத்துவிடுங்கள். ஐந்தாம் நாள் எத்தனை முளை வந்துள்ளது என எண்ணுங்கள். செலவில்லாத இந்தச் சோதனையைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளை வைத்தே செய்யலாம். முடிவைக் கண்ணால் கண்டபின் அடுத்து நாம் சொல்லப் போவதை ஒப்புக்கொள்வது எளிதாகும்.

பொடிப்பொடியாக உழ வேண்டாம்

நிலம் மாவு போல் ஆகும் வரை உழ வேண்டும் என்பது நம்மிடையே ஊறிய எண்ணம். இப்போது சுழல் கலப்பை எளிதில் வாடகைக்குக் கிடைப்பதால் ஒரே ஓட்டத்தில் நிலத்தை மாவாக்கிவிடுகிறோம். பார்வைக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நெய்வேலிச் செம்மண்ணில், அதுவும் மழை எதிர்பார்க்கும் காலத்தில், அந்த மாவுதான் நாளைய ஓடு. குறுணைகளை உடைக்கும் வேலையை மழைத்துளிக்கு முன் நாமே செய்து முடித்துவிடுகிறோம். இம்மண்ணில் கம்பு விதைக்கக் கடைசி உழவாகச் சுழல் கலப்பையை ஓட்டுவதைக் கைவிட வேண்டும் என்பதே என் கருத்து. களைக்காக ஓட்டியே ஆக வேண்டுமானால் முதல் உழவாக ஓட்டிவிட்டு, பின்னர் கொக்கிக் கலப்பையால் முடிப்பது நல்லது.

கம்புக்கு ஏற்ற விதைப் படுக்கை எப்படி இருக்க வேண்டும்? விதையைச் சுற்றி மண் பொலபொலவென்று இருந்து விதையைத் தழுவிக்கொள்ள வேண்டும். மேற்பரப்பில் நெல்லிக்காய் அளவுக் கட்டிகள் பரவலாகக் கிடக்க வேண்டும். மழைத்துளியை அந்தக் கட்டிகள் தாங்கிக்கொள்ளும். தேங்காய் அளவுக் கட்டிகள் கிடந்தால் சிறு விதைக்கு அதுவும் கேடு. விதை இடுக்கில் விழுந்து ஆழத்திற்குப் போய்விடும். மேலே நெல்லிக்காய், உள்ளே பொலபொலப்பு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு உழவின் எண்ணிக்கையைவிட உழும் நேரத்தின் பதமே முக்கியம். செம்மண்ணில் பதம் நீண்ட நாள் நிற்பதில்லை. இரண்டு நாள் முந்தினால் சேறு. இரண்டு நாள் பிந்தினால் கல். ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில் அழுத்தி உருண்டையாக்கி, இடுப்பு உயரத்தில் இருந்து கீழே விடுங்கள். உருண்டை உதிர்ந்து குறுணையாகச் சிதறினால் ஏர் பூட்டலாம். அப்படியே ஒட்டிக்கொண்டு கிடந்தால் இன்னும் ஒரு நாள் பொறுக்க வேண்டும். உருண்டையே பிடிக்க வரவில்லை என்றால் பதம் போய்விட்டது. அப்போது உழுதால் பெரிய கட்டிகளும் புழுதியும்தான் மிஞ்சும். லேசாக நீர் பாய்ச்சி மீண்டும் பதம் பார்த்து உழுவதே சரி.

மல்லாட்டை பிடுங்கிய நிலத்தில் கம்பு விதைப்போருக்கு ஒரு வசதி உண்டு. காய் பிடுங்கும்போதே மேல்மண் கிளறப்பட்டுவிடுவதால், பதம் பார்த்து ஒன்று அல்லது இரண்டு உழவு போதுமானது. அங்கு நான்கு சால் ஓட்டுவது எரிபொருளுக்கும் மண்ணுக்கும் நட்டம்.

அடிமண்ணும் இறுகியிருந்தால்

ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் உழுது வந்த நிலங்களில் கொழு எட்டும் ஆழத்திற்குக் கீழே ஓர் இறுகிய தளம் உண்டாகிறது. கனத்த டிராக்டர்கள் ஓடும் நிலத்தில் இது இன்னும் மோசம். ஒரு கம்பியை ஊன்றிப் பார்த்தால் அந்த ஆழத்தில் சட்டென்று நிற்கும். இத்தகைய நிலத்தில் உளிக் கலப்பை கொண்டு அரை மீட்டர் இடைவெளியில் ஒரு திசையிலும், பின் அதற்குக் குறுக்காகவும் ஆழ உழ வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை செய்தால் போதும். மண் நன்கு உலர்ந்திருக்கும் கோடையில் செய்தால்தான் இறுகிய தளம் விரிசல் விட்டு உடையும். ஈரத்தில் செய்தால் உளி வெறும் கோடு கிழித்துக்கொண்டு போகும். அடியில் செம்பூரான் கல்லே படிந்திருக்கும் நிலத்தில் உளிக் கலப்பையால் பயனில்லை. அந்த இடங்களை முந்திரிக்கு விட்டுவிடலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். உளிக் கலப்பை அடிமண்ணுக்கான மருந்து. மேலே தட்டும் பொருக்கை அது தடுக்காது.

சுண்ணாம்பும் மக்கும்

பொருக்குத் தட்டும் செம்மண்ணுக்கு எக்டருக்கு 2 டன் சுண்ணாம்பு அல்லது ஜிப்சம் இடுமாறு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. ஏக்கர் கணக்கில் இது 800 கிலோ. மண் பதமாக இருக்கும்போது ஓர் உழவு செய்து, சீராகத் தூவி, மறு உழவில் மேல்மண்ணோடு கலந்துவிட வேண்டும். சுண்ணாம்பா ஜிப்சமா என்பதை மண் ஆய்வு சொல்லும். அமிலத் தன்மையுள்ள மண்ணுக்குச் சுண்ணாம்பு. அமிலமில்லாத மண்ணுக்கு ஜிப்சம். சுண்ணாம்பை அதிகமாக இட்டால் இரும்பு, துத்தநாகம் போன்ற நுண்ணூட்டங்கள் பயிருக்குக் கிட்டாமல் போகும். ஆகவே கண்ணளவில் இட வேண்டாம். மண் மாதிரி எடுத்து ஆய்வு செய்துகொள்ளுங்கள். மாதிரி எடுக்கும் முறையை விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலும் கேட்டு அறியலாம்.

அனல் மின் நிலையச் சாம்பலை இடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நெய்வேலிச் சாம்பல் பழுப்பு நிலக்கரியில் இருந்து வருவதால் அதில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. காரத் தன்மையும் உண்டு. அமில மண்ணுக்கு அது ஓரளவு உதவக்கூடும். ஆனால் எவ்வளவு என்பது மண்ணுக்கு மண் மாறும். ஆய்வு இல்லாமல் வண்டி வண்டியாகக் கொட்டிவிட்டுப் பின்னர் வருந்துவதில் பொருளில்லை.

மக்குப் பொருளைப் பொறுத்தவரை பரிந்துரை, எக்டருக்கு 12.5 டன் தொழு உரம் அல்லது மட்கிய தென்னை நார்க்கழிவு; அதாவது ஏக்கருக்கு 5 டன். மட்கவைக்காத நார்க்கழிவை இடக் கூடாது. அது மட்கும்போது பயிருக்குரிய தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். மாடு ஒன்றிரண்டு வைத்திருப்பவருக்கு 5 டன் எங்கிருந்து கிடைக்கும் என்ற கேள்வி நியாயமானது. அவர்களுக்கு ஒரு மாற்று வழி உண்டு. வயல் முழுவதும் இறைக்காமல், விதைத்த சாலின் மேல் மட்டும் நன்கு மட்கிப் பொடித்த தொழு உரத்தை மெல்லிய பட்டையாகத் தூவலாம். 45 செ.மீ. இடைவெளியில் ஓர் ஏக்கரில் உள்ள சால்களின் மொத்த நீளம் ஏறத்தாழ 9,000 மீட்டர். மீட்டருக்கு 100 கிராம் வீதம் 900 கிலோ ஆகிறது. இரண்டு, இரண்டரை மாட்டு வண்டிச் சுமை. 5 டன் செய்யும் நன்மையை இது முழுதும் செய்துவிடாது. ஆனால் மழைத்துளி நேராக விதையின் தலைமேல் விழாமல் காக்கும். இவ்வட்டாரத்தில் குவிந்து கிடக்கும் முந்திரிச் சருகையும் எரித்துவிடாமல் சாணக் கரைசல் தெளித்துக் குழியில் மட்க வைத்தால் இதற்குப் பயன்படும். அது மட்க நாள் பிடிக்கும் என்பதால் இந்த ஆண்டுச் சருகை அடுத்த ஆண்டுக்கு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சுரங்க மேட்டு மண் பரவிய நிலங்களின் நிலை வேறு. ஆழத்தில் இருந்து வந்த அந்த மண்ணில் மக்கு என்பதே இல்லை. அங்கு முதலாண்டே கம்பு விதைத்து ஏமாற வேண்டாம். சணப்பு, கொளுஞ்சி போன்ற பசுந்தாள் பயிர்களை இரண்டொரு பட்டம் விதைத்து மடக்கி உழுத பின்பே தானியத்தைப் பற்றி நினைக்கலாம். காராமணி பொருக்கைத் தாங்கும் பயிர். அதையும் இடையில் விதைத்துப் பார்க்கலாம்.

விதை நேர்த்தி

முதலில் உப்புக் கரைசல். 10 லிட்டர் நீரில் ஒரு கிலோ சமையல் உப்பைக் கரைத்து விதையை அதில் இட்டுக் கலக்குங்கள். தேன் ஒழுகல் நோய் தாக்கிய விதைகளும் பதர்களும் மிதக்கும். அவற்றை நீக்கிவிட்டு, அடியில் தங்கிய விதையை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். சிறுத்த விதைகளும் இதில் கழிந்துவிடுவதால் நமக்கு இரட்டைப் பயன். பருத்த விதைக்குத்தான் ஓட்டை முட்டும் வலிமை உண்டு.

அடுத்து விதையைக் கடினப்படுத்துதல். லிட்டருக்கு 20 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைத்த நீரில் விதையை 16 மணி நேரம் ஊற வைத்து, நிழலில் 5 மணி நேரம் உலர்த்துங்கள். மானாவாரிக்காகச் சொல்லப்பட்ட முறை இது. முளைப்பு சீராகவும் விரைவாகவும் அமைவதால், பொருக்குத் தட்டும் நிலத்தில் இறவைப் பயிருக்கும் இதை நான் சொல்வதுண்டு. ஓடு இறுகுவதற்கு ஒரு நாள் முன்னதாக முளை மேலே வந்துவிட்டால் அதுவே வெற்றி.

கடைசியாக, ஆறிய அரிசிக் கஞ்சியில் அசோஸ்பைரில்லம் கலந்து விதையில் பூசி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி விதைக்கலாம். எக்டருக்கு மூன்று பொட்டலம், அதாவது 600 கிராம். இந்த நுண்ணுயிர் உரத்தைத் தாங்கும் கரும்பொடியாகப் பழுப்பு நிலக்கரித் தூளைப் பயன்படுத்துவது உண்டு. நம் ஊர் மண்ணுக்கு அடியில் இருப்பது இப்படியும் மேலே வருகிறது.

விதைக்கும் முறை

கம்புக்கு எக்டருக்கு 5 கிலோ, ஏக்கருக்கு 2 கிலோ விதை. வரிசைக்கு வரிசை 45 செ.மீ.; செடிக்குச் செடி 15 செ.மீ. இந்த 2 கிலோவில் ஏறத்தாழ இரண்டு லட்சம் மணிகள் உள்ளன. ஏக்கரில் நிற்க வேண்டிய பயிரோ அறுபதாயிரம்தான். ஒரு மீட்டர் சாலில் 22 விதை விழுகிறது. வேண்டியது ஆறு அல்லது ஏழு பயிர். ஆகவே முளைப்புக் குறைகிறதே என்று விதையை இரட்டிப்பாக்குவதில் பயன் குறைவு. ஓடு இறுகிய இடத்தில் நாற்பது விதை விழுந்தாலும் வராது. இறுகாத இடத்தில் நெருக்கமாக வந்து கலைப்பு வேலையைக் கூட்டும்.

விதையைப் பரவலாக இறைப்பதைவிட, இரண்டு மூன்று விதைகளாகக் குத்துக் குத்தாக விழும்படி சாலில் விதைப்பது இம்மண்ணுக்கு நல்லது. தனி முளையால் ஆகாததை மூன்று முளை சேர்ந்து செய்யும். மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டு உழவர்கள் ஒரே குழியில் கம்பு விதையைக் கொத்தாகப் போட்டு, பின்னர் கலைத்து விடுகிறார்கள். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

ஆழம் 2 முதல் 3 செ.மீ. ஈரத்தைத் தேடி 5 செ.மீ. ஆழத்திற்கு விதையை இறக்கினால், பொருக்கே இல்லாவிட்டாலும் முளை களைத்துவிடும்.

கிணற்றுப் பாசனம் உள்ளவர்கள் 45 செ.மீ. இடைவெளியில் பார் பிடித்து, பாரின் பக்கவாட்டில், நீர் ஏறும் மட்டத்திற்குச் சற்று மேலே விதைப்பது எல்லாவற்றிலும் மேலானது. நீர் வாய்க்காலில் ஓடி, மண்ணின் வழியே கசிந்து விதையை அடைகிறது. விதைக்கு மேல் உள்ள மண் கரைவதில்லை. பாத்தியில் விதைத்து வெள்ளம் போல் நீர் விட்டால், மழை பெய்யாமலே நாமே பொருக்கை உண்டாக்குகிறோம். வாய்க்காலின் அடியில் விதைப்பதும் தவறு. கரைந்த வண்டல் அங்கேதான் வந்து படியும்.

டிராக்டர் விதைப்பான் வாடகைக்கு எடுப்பவர்கள் வயலில் இறங்குமுன் அதை அளவு பார்க்க வேண்டும். ஓட்டுநர் "போன வயலுக்குச் சரியாக இருந்தது" என்பார். போன வயல் மல்லாட்டையாக இருந்திருக்கலாம். 22.5 செ.மீ. இடைவெளியுள்ள ஒன்பது கொழு விதைப்பானில் ஒன்று விட்டு ஒன்றை அடைத்தால் 45 செ.மீ. இடைவெளியில் ஐந்து வரிசை கிடைக்கும். ஒரு போக்கில் 2.25 மீட்டர் அகலம். சக்கரத்தைத் தரையில் இருந்து தூக்கி நிறுத்தி, ஒவ்வொரு குழாயின் வாயிலும் ஒரு பையைக் கட்டி, சக்கரத்தை 20 சுற்றுச் சுற்றுங்கள். சக்கரத்தின் சுற்றளவு ஒன்றரை மீட்டரானால் இது 30 மீட்டர் ஓடியதற்குச் சமம், பரப்பு 67.5 சதுர மீட்டர். ஏக்கருக்கு 2 கிலோ என்றால் ஐந்து பைகளிலும் சேர்த்து 33 கிராம் அளவு விழ வேண்டும்; ஒரு பையில் ஆறரை கிராம். கூடினாலோ குறைந்தாலோ திறப்பைச் சரிசெய்து மீண்டும் பாருங்கள். தட்டார் தராசு இல்லாவிட்டாலும் மளிகைக் கடை மின் தராசு போதும். அரை மணி நேர வேலை இது.

விதைத்தபின் பரம்பு அடித்து மேற்பரப்பை வழவழப்பாக்க வேண்டாம். சாலை மூட ஒரு லேசான முட்செடிக் கிளையை இழுத்துவிட்டால் போதும். உரத்தையும் விதையோடு கலந்து அதே சாலில் இடாதீர்கள். விதைக்குப் பக்கவாட்டிலும் சற்று ஆழத்திலும் விழ வேண்டும்.

பொருக்கு மிகக் கடுமையாகத் தட்டும் நிலமாயின் நேரடி விதைப்பையே விட்டுவிட்டு நாற்று விட்டு நடலாம். எக்டருக்கு ஏழரை சென்ட் நாற்றங்காலும் 3.75 கிலோ விதையும் போதும். 15 முதல் 18 நாள் வயதில் பிடுங்கி நட வேண்டும். நடவுக்கு ஆள் கூடுதலாகத் தேவைப்படும் என்பதே குறை. குடும்பத்தாரே நட்டுக்கொள்ளும் அரை ஏக்கர், ஓர் ஏக்கர்க்காரர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்லலாம்.

விதைத்த பின் ஐந்து நாட்கள்

உழைப்பெல்லாம் உழவோடு முடிந்தது என்று எண்ணுகிற இந்த ஐந்து நாட்களில்தான் பயிர் நிலைப்பதும் போவதும் முடிவாகிறது.

விதைத்தவுடன் ஒரு தண்ணீர். மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர். இதற்கிடையே மழை பெய்யாவிட்டால் கவலையில்லை. உயிர்த் தண்ணீரை மாலையில் மெல்லப் பாய்ச்சுங்கள். மேல்மண் ஈரமாக இருக்கும்போது பொருக்கு குழைந்து முளைக்கு வழிவிடும் என்பதே இதில் உள்ள நுட்பம். தெளிப்பு நீர்க் கருவி உள்ளவர்கள் நுண்ணிய துளியாக, சிறிது நேரம், இரண்டு மூன்று முறை தெளிக்கலாம். பெருந்துளியாகப் பீய்ச்சும் மழைத்தூவானை இந்த நாட்களில் தவிர்ப்பது நல்லது.

விதைத்த அன்றோ மறுநாளோ பெருமழை பெய்துவிட்டால், மழை விட்ட மறுநாள் காலை வயலுக்குச் செல்லுங்கள். மண் கால் புதையாத அளவுக்கு உலர்ந்து, மேலே மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றத் தொடங்கும் நேரம்தான் பொருக்கை உடைக்கும் நேரம். அப்போது ஐந்தாறு இடங்களில் சாலைக் கிளறி முளை எந்த உயரத்தில் உள்ளது என்று பார்க்க வேண்டும். முளை இன்னும் விதையை ஒட்டியே இருந்தால், பற்கள் வைத்த லேசான பலுகையோ முட்கிளையையோ சாலுக்குக் குறுக்காக மேலோடு இழுத்துவிடலாம். முளை ஓட்டின் அடியை எட்டிவிட்டிருந்தால் பலுகு போடாதீர்கள், குருத்து ஒடிந்துவிடும். அந்த நிலையில் நீர் தெளித்தோ, வாய்க்காலில் லேசாக நீர் விட்டோ ஓட்டைக் குழைய வைப்பது ஒன்றே வழி. ஒரு நாள் தாமதம் இங்கு பெரிய வேறுபாட்டைச் செய்துவிடும்.

ஐதராபாத் அருகே படான்செருவில் 1972-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிலையமான இக்ரிசாட்டின் செம்மண் நிலங்களிலும் கம்பு, சோள முளைகளுக்கு இதே தொல்லை இருந்தது. அங்கு 1980-களில் பொருக்கை உடைக்க உருளும் கருவி ஒன்றை உருவாக்கினர். இந்த முறையை ஒட்டி நம் ஊர்த் தச்சரிடமும் எளிய கருவி ஒன்றைச் செய்துகொள்ளலாம். ஒரு சாண் விட்டமுள்ள மர உருளையில் வரிசையாக ஆணி அடித்து, இரு முனையிலும் அச்சு வைத்துக் கைப்பிடி பொருத்தினால் போதும். ஆணி வெளியே நீட்டிக்கொண்டிருப்பது ஒரு விரற்கடைக்கு மேல் போகக் கூடாது. சாலின் மேல் ஒரு முறை உருட்டினால் ஓடு துளைபட்டு நொறுங்கும். பலுகு போல் மண்ணை இழுத்து முளையைப் பெயர்க்காது. இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஓர் உருளை வைத்துக்கொள்ளலாம்.

நிரப்புவதா, மறுபடி விதைப்பதா?

எட்டாம் நாள் வயலில் பத்து இடங்களில், இடத்துக்குப் பத்து மீட்டர் சாலை அளந்து பயிரை எண்ணுங்கள். சரியான நிலைப்பில் பத்து மீட்டருக்கு 66 பயிர் இருக்க வேண்டும். நாற்பதுக்கு மேல் இருந்தால் மறுவிதைப்பு வேண்டாம். கம்பு தூர் கட்டும் பயிர். பக்கத்து இடத்தை ஓரளவு நிரப்பிக்கொள்ளும். இருபத்தைந்துக்கும் கீழே போய்விட்டால் தயங்காமல் மீண்டும் விதைத்துவிடுங்கள். இரண்டுக்கும் இடைப்பட்டிருந்தால், பயிர் எப்படிப் பரவி நிற்கிறது என்பதே கணக்கு. இடைவெளிகள் சிறிது சிறிதாக இருந்தால் நிரப்பலாம். ஒரே மூலையில் பெரிய திட்டாக வெறுமையாக இருந்தால் அந்தத் திட்டை மட்டும் மறுபடி விதைக்கலாம்.

நிரப்புவதற்கு வேறு விதை தேட வேண்டாம். இரண்டாம் வாரம் கழித்து, குத்தாக வந்த இடங்களில் கலைக்கும் நாற்றுகளையே மாலை வேளையில், நிலம் ஈரமாக இருக்கும்போது வெற்றிடங்களில் நட்டு விடலாம். முதல் களையெடுப்பையும் அப்போதே கைக்கொத்தால் செய்யுங்கள். களைக்கொல்லி தெளித்தவர்களும் ஒரு முறையாவது கொத்திவிட வேண்டும். களை இல்லாவிட்டாலும் வரிசைகளுக்கு நடுவே மீண்டும் இறுகியிருக்கும் ஓடு உடைந்து, அடுத்த மழை வேருக்கு இறங்கும்.